பொழுது திரும்பும் நாள்

இரண்டு மாதம் ஓடிப்போயிருந்த சூரியன்
ஜனவரி இருபத்தொன்றில் ட்ரொம்சோவுக்குத் திரும்பும்.
நீரிணையின் தெற்குக் கோடியில்
இரண்டு மலைகளின் இடுக்கு வழியே
நகக்கண் அளவு எட்டிப் பார்த்துவிட்டு
நாலு நிமிடத்தில் போய்விடும்.
அதற்கே பிள்ளைகளை வகுப்பிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள்.
அதற்கே பேக்கரி வாசலில் விடியுமுன் வரிசை.
விடியுமுன் என்பது வாய்ப்பழக்கம்.
அந்த வாரங்களில் இங்கே விடிவதில்லை.

சூரிய பன்.
உருண்டை, உள்ளே சிவப்பு ஜாம், மேலே சர்க்கரை.
மேகம் மூடி ஒன்றும் தெரியாத வருடத்திலும்
விரலைச் சப்பிக்கொண்டு சொல்லிக்கொள்வார்கள்:
வந்தாயிற்று, பின்னால்தான் இருக்கிறது.

அந்த நாளில் பிறந்தான் எஸ்கில்.
மோவாயில் சர்க்கரைத் தூளோடு
மருத்துவச்சி அவனைத் தூக்கிக் காட்டினாள்.
ஊர் கூடித் தின்பது தனக்காகத்தான் என்று
அவன் நம்பியிருந்தான்.
நாங்கள் திருத்தவில்லை.
திருத்தலாம், ஏழு வயது ஆகட்டும் என்றிருந்தோம்.

ஆறு வயது, மார்ச் மாதம்.
வியாழன் மாலை தலை வலிக்கிறது என்றான்.
சனிக்கிழமை காலை
அவன் பூட்ஸை ஒரு பையில் போட்டுத் தரட்டுமா என்று
நர்ஸ் எங்களைக் கேட்டாள்.

நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
ராத்திரி மூன்றுக்குக் கிளம்பினால்
ஊர் எழுவதற்குள் தெருக்கள் திறந்திருக்கும்.
எல்லோருக்கும் வழி செய்கிறவனுக்கு
அவனிடம் போக மட்டும் கைமண்வாரி வேண்டியிருக்கிறது.
விளக்குக் கம்பத்திலிருந்து பதினோரு எட்டு,
இடப்பக்கம் நாலு.
ஒரு வருடம் தப்பாக எண்ணி
யாரோ ஒரு கப்பல் தலைவரின் கல்லைத் தோண்டிவிட்டேன்.
மன்னிப்புக் கேட்டு மூடினேன்.

மெழுகுவத்திக் கணக்கில் எங்களுக்குள் சண்டை உண்டு.
தூரிட் ஆறுக்கு மேல் ஏற்ற மாட்டாள்.
"அவன் ஆறு வயதுப் பிள்ளை.
நீ வேறு யாரையோ வளர்க்கிறாய்."
ஆமாம், வளர்க்கிறேன்.
பன்னிரண்டில் கண்ணாடி போட்டுவிட்டேன், என் கண் அவனுக்கு.
பதினெட்டில் காரைக் கேட்டு
இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தான்.
இருந்திருந்தால் என்கிற ஒரே சொல்லுக்குள்
ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது.
குனிந்துதான் நுழைய வேண்டும்.

இந்த வருடம் பேக்கரி வரிசையில்
எனக்கு முன்னால் யோஸ்டீன்.
எஸ்கிலுக்குப் பக்கத்து நாற்காலி.
தெருவில் எங்களைக் கண்டால்
எதிர்ப்பக்கம் மாறிப்போகிறவன்,
வளர்ந்தது தன் குற்றம் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு.
வரிசையில் எதிர்ப்பக்கம் ஏது?
நெஞ்சோடு கட்டிய துணியில் ஒரு குழந்தை தூங்கியது.

"எத்தனை?"
"மூன்று" என்றான்.
திரும்பி என்னைப் பார்த்தான்.
மூன்றில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான்.
"இது அவன் பங்கு.
வருடா வருடம் வாங்குவேன்.
பாலத்துக்கு மேலே போனதும் நானே தின்றுவிடுவேன்."

பதினேழு வருடம்.
என் வாயில் வந்தது இவ்வளவுதான்:
"குழந்தைக்குக் காது தெரிகிறது,
தொப்பியை இழுத்துவிடு."

கல்லறையில் தூரிட் ஏற்கெனவே ஆறையும் ஏற்றியிருந்தாள்.
காற்று நாலை விட்டுவைத்திருந்தது.
ஊர் முழுக்கத் தெற்கே பார்த்து நின்ற நேரம்
நாங்கள் கீழே பார்த்து நின்றோம்.
மேகம்தான், எப்படியும்.

நடந்ததைச் சொன்னேன்.
பன்னைப் பிட்டுப் பாதி கொடுத்தேன்.
மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள்.
பிறகு, கல்லைப் பார்த்தபடியே,
"யோஸ்டீனுக்குத் தாடி வந்துவிட்டதா?"
வந்துவிட்டது என்றேன்.
"என்ன நிறம்?"
செம்பட்டை.

கையுறையால் ஜாமைத் துடைத்துக்கொண்டாள்.
அணைந்த இரண்டையும் குனிந்து கொளுத்தினாள்.
வண்டியருகே வந்த பிறகுதான்,
"இவனுக்குக் கறுப்பாக வந்திருக்கும்" என்றாள்.